மேலதிகம்

ரோனியோ அச்சு மையின் காட்டமான வாசனையோடுதான் அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. குண்டசாலையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு, மழை விடாத ஒரு மாலையில், அம்மா கைப்பைக்குள் மடித்துக் கொண்டுவந்த சுற்றறிக்கையில் அது அச்சாகியிருந்தது. அம்மா கண்டியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் கணக்குப் படிப்பித்தார். நானும் அங்கேதான் ஐந்தாம் வகுப்பு.

"கணக்குக்கு ஒரு ஆள் மேலதிகமாம். நான்தானே கடைசியா வந்தவ" என்று அப்பாவிடம் சொன்னபோது அம்மாவின் குரல் இறங்கிப்போனது.

அதுவரை எனக்கு அது நல்ல சொல். பின்னேரம் படிப்பது "மேலதிக வகுப்பு". பேராதனை ஆஸ்பத்திரியில் அப்பா கூடுதலாகப் பார்க்கும் வேலை "மேலதிக நேரம்". மனிதரும் மேலதிகமாவார்கள் என்று அன்றுதான் அறிந்தேன். மேல் என்றாலும் கூடுதல், வடமொழியிலிருந்து வந்த அதிகம் என்றாலும் கூடுதல். தேவைக்கு மிஞ்சியதைச் சொல்லும் சொல்லே தேவைக்கு மிஞ்சி நிற்கிறது என்று இப்போது சிரிக்கலாம். அன்று சிரிப்பு வரவில்லை. அப்படிப்பட்டவர்களைத் தூரத்துக்கு மாற்றுவார்கள், அம்மா மாதத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார், தம்பியோ இன்னும் பால்குடி மறக்காதவன். நானும் மேலதிகமாகிவிடக் கூடாதென்று இரண்டாம் தடவை சோறு கேட்பதை நிறுத்தினேன்.

மற்றக் கணக்கு டீச்சர் ஸுலைஹா, கல்யாணம் கட்டாதவர், அம்மாவின் சிநேகிதி. ஒருநாள் இடைவேளையில், யாரிடமும் சொல்லக் கூடாதென்று அம்மா எச்சரித்திருந்தும், அவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டி அழுதேன். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தவர், "அழ வாணாம் மகள், நான் ஈக்கிறேன்தானே" என்று மட்டும் சொன்னார். இருக்கிறேன் என்பது அவர் பேச்சில் ஈக்கிறேன்.

அடுத்த கிழமை மாற்றக் கடிதம் அவர் பெயருக்கு வந்தது. அவராகவே கேட்டு வாங்கியிருந்தார்.

"ஏன் டீச்சர் இப்படிச் செஞ்சீங்க?" என்று அம்மா கேட்டதற்கு, "வேற ஊரும் பாக்கத்தானே வேணும்" என்று சிரித்தார்.

கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் அவரை வழியனுப்பப் போனோம். அம்மா அழுதுகொண்டிருந்தார். அம்மா போகவில்லை என்ற சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல், டீச்சரின் முகத்தைப் பார்க்கவும் முடியாமல், நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். பஸ் திரும்பும்வரை அவர் என்னைத் தேடிக் கையசைத்தாராம்.

அந்தப் பாடசாலை இப்போது இல்லை. பிள்ளைகள் குறைந்து வேறொன்றோடு சேர்த்துவிட்டார்கள். டீச்சரும் இப்போது இல்லை; போன ஊரிலேயே மௌத்தாகிவிட்டதாகப் பல வருடங்கள் கழித்துத்தான் கேள்விப்பட்டோம். அம்மாவுக்கு வயதாகிவிட்டது. சில மாலைகளில், "ஸுலைஹா டீச்சர் ஏன் போனாங்கன்னு இன்னைக்கும் எனக்கு வெளங்கல" என்பார். நான் தேத்தண்ணி போடுவதாகச் சொல்லிக் குசினிக்குள் போய்விடுகிறேன்.