கண்வலிக்காரர்களிடம் முதுகைப் பற்றி ஒரு கேள்வி

கண் சிவந்து யார் வந்தாலும் அவள் முதலில் கேட்பது முதுகைப் பற்றித்தான். "காலையில எழுந்ததும் முதுகு கட்டை மாதிரி இருக்கா? நடக்க நடக்கச் சரியாகுதா?" மருத்துவமனையில் பார்வை சோதிக்கும் வேலை அவளுக்கு. இருபத்திரண்டு வருடங்களாக இதே கேள்வி. "கண்ணைக் காட்ட வந்தா முதுகைக் கேக்கறீங்களே, கண்ணாடியை எங்க மாட்டப் போறீங்க?" என்று சிரிப்பவர்களும் உண்டு.

படிப்பில் கிடைத்த கேள்வி இல்லை அது. தம்பியால் வந்தது.

தம்பி வெல்டர். ஒருநாள் வலது கண் சிவக்க வந்து நின்றான். சிவந்த கண்காரர்களுக்கு அங்கே வாசலுக்கு வெளியே தனி பெஞ்சு. மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். அவனையும் அங்கேதான் உட்காரவைத்தாள்.

"சொந்தத் தம்பியையே தள்ளி வச்சிட்டியேக்கா!"

"வாயை மூடுடா. வெறும் கண்வலி. சொட்டு மருந்து தரேன், போய்ப் படு."

டாக்டரிடம் காட்டவில்லை. எட்டாம் நாள் பார்வை மங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான். இது வெறும் கண்வலி இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பீளை இல்லை, இமை ஒட்டவில்லை. வெளிச்சம் பட்டாலே துடிக்கிறான். சிவப்பு, கருவிழியைச் சுற்றி வளையமாக நிற்கிறது.

டாக்டர் அவளையும் கருவி வழியே பார்க்கச் சொன்னார். மெல்லிய ஒளிக்கீற்றில், ஜன்னல் வெயிலில் தூசி ஆடுவதுபோல ஏதோ மிதந்தது.

"தூசியா டாக்டர்?"

"இல்லம்மா, வெள்ளை அணுக்கள். கண்ணுக்குள்ள அழற்சி. கண்மணி பின்னால இருக்கற லென்ஸோட ஒட்டிக்கிச்சு, பாருங்க, வட்டமாவே இல்ல." பிறகு தம்பியிடம் திரும்பினார். "முதுகுவலி எத்தனை நாளா?"

"நாலு வருஷமா சார். குனிஞ்சே வேலை பாக்கறேன்ல."

வேலையால் வந்த வலி படுத்தால் குறையும். இவனுக்குப் படுத்து எழுந்தால்தான் அதிகம். எக்ஸ்ரேயில், முதுகெலும்பு இடுப்போடு சேரும் மூட்டு காட்டிக்கொடுத்துவிட்டது. இரண்டு இடத்திலும் ஒரே நோய், மூட்டையும் கண்ணையும் சேர்த்துத் தாக்கும் அழற்சி. கண்ணுக்குள் எட்டிப் பார்த்தால் முதுகு தெரியும் என்று யார் நினைப்பார்கள்? அவள் மறுபடியும் மறுபடியும் குனிந்து பார்த்தாள்.

பார்வை பெரும்பாலும் திரும்பியது. கண்மணி மட்டும் கோணலாகவே நின்றுவிட்டது.

"கண்வலி முத்தி உள்ள இறங்கிடுச்சு. எங்க அக்காதான் காப்பாத்துச்சு" என்று இன்றும் அவன் எல்லோரிடமும் பெருமை அடிக்கிறான். முற்றவுமில்லை, இறங்கவுமில்லை. முதல் நாளே அந்த நோய்தான். அன்றே டாக்டரிடம் காட்டியிருந்தால் கண்மணி ஒட்டாமல் தடுத்திருக்கலாம். அவனிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். வாரம் தவறாமல் அவன் வீட்டுக்குப் போகிறாள். இன்னும் சொல்லவில்லை.