துப்பறிவாளரும் திறந்துகிடந்த ஜன்னலும்

மறைந்த எழுத்தாளர் ஒருவரின் துப்பறிவாளரை வைத்து, இன்றைக்கு எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு புதுக்கதை எழுதித் தொகுப்பாகக் கொண்டுவரலாம் என்று ஒரு பதிப்பாளருக்குத் தோன்றியது. ஊட்டியில் உட்கார்ந்து எழுதும் என்னையும் கேட்டார். அந்தத் துப்பறிவாளர் வரும் மாத நாவல்களைப் பாடப்புத்தகத்துக்குள் மறைத்துப் படித்து வளர்ந்தவன் நான். யோசிக்காமல் சரி என்றேன். யோசித்திருந்தால் வயிற்றெரிச்சல் மாத்திரைச் செலவு மிஞ்சியிருக்கும்.

சரி என்ற பிறகுதான் அவர் நிபந்தனையைச் சொன்னார். எழுத்தாளரின் மகள் மேட்டுப்பாளையத்தில் இருக்கிறார். உரிமை அவரிடம். ஒவ்வொரு கதையையும் அவர் படித்துச் சம்மதித்தால்தான் அச்சுக்குப் போகும். சென்னைக்காரர் ஒருவர் துப்பறிவாளருக்குக் கல்யாணம் செய்துவைத்துக் கதை அனுப்பியிருக்கிறார். "எங்கப்பாவே பண்ணி வெக்கல. இவரு யாரு பொண்ணு பாக்கறதுக்கு?" என்று அந்த அம்மாள் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

நானோ அதற்குள் கடைவீதி முழுக்கச் சொல்லி முடித்திருந்தேன். பேக்கரிக்காரர் "புக்கு எப்பங்க வருது?" என்று கேட்டுக்கொண்டேதான் வர்க்கி கட்டித் தருவார். கதை திரும்பி வந்தால் நான் வர்க்கி வாங்கக் குன்னூருக்குத்தான் போக வேண்டும்.

துப்பறிவாளர் மதுரைக்காரர் என்பதால் கதையும் மதுரையில், சித்திரை மாதத்தில் நடந்தது. பணக்காரர் ஒருவர் படுக்கையில் செத்துக் கிடக்கிறார். எல்லோரும் மாரடைப்பு என்கிறார்கள். துப்பறிவாளர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பொழுது சாய்ந்த பிறகு ஜன்னலைத் திறந்துபோட்டு எவனாவது தூங்குவானா? கொலைகாரன் வெளியேறிய வழி இது" என்கிறார். இந்த வரியை எழுதிவிட்டு எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன். முதல் வாசகி என் மனைவி. "ஏனுங்க, ஜன்னல் தொறந்து கெடந்தப்பவே எனக்குச் சந்தேகமாத்தானுங்க இருந்துச்சு" என்றாள். அவளும் ஊட்டிதான்.

கதையைத் தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தைரியம் எனக்கில்லை. நேரில் போனால் முகத்தைப் பார்த்தாவது இரக்கப்படுவார் என்று மே மாதத்தில் ஒருநாள் பஸ் ஏறினேன். பாதி மலை இறங்கியதும் பர்லியாரில் ஸ்வெட்டரைக் கழற்றினேன். மேட்டுப்பாளையத்தில் இறங்கியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பாதி வெயில், பாதி பயம்.

அந்த அம்மாள் ரிட்டயர் ஆன ஆசிரியை. மோர் கொடுத்தார், மூக்குக்கண்ணாடியை மாட்டினார், படிக்க ஆரம்பித்தார். அவர் புருவம் அசையும்போதெல்லாம் எனக்கு ஒரு பத்தி செத்தது. பாதிக் கதையில் எழுந்தார். போச்சு என்று நினைத்தேன். காகிதங்களைக் கையில் வைத்தபடியே ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துகொண்டு போனார். "பகலெல்லாம் அனல். இப்பத்தான் வெயில் தாந்துது. இனி தொறந்து வெச்சாத்தான் மனுசன் படுக்க முடியும்."

எதிர்வீட்டிலும் திறந்தார்கள். அடுத்த வீட்டிலும். தெரு முழுக்கக் கொலைகாரர்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊரில் நாலு மணிக்கு ஜன்னலைச் சாத்தாவிட்டால் மஞ்சு என்கிற பனிமூட்டம் உள்ளே வந்து மெத்தை ஈரமாகிவிடும். மதுரைக்கு நான் போனதெல்லாம் கல்யாணங்களுக்கு. தங்கியதெல்லாம் ஏசி அறைகளில். அங்கே ஜன்னலைத் தொட்டதுகூட இல்லை.

"மீதிய நான் படிச்சுக் காட்டட்டுங்களா?" என்றேன். படிக்கிற சாக்கில் ஜன்னலைக் கதவாக மாற்றிவிடும் திட்டம்.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது தம்பி."

படித்து முடித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க எந்த ஊரு?"

"ஊட்டிங்க."

"பொறந்ததே அங்கியா?"

"பொறந்ததே அங்கதானுங்க."

"அதானே பாத்தேன்" என்று சிரிக்க ஆரம்பித்தவர் நெடுநேரம் நிறுத்தவில்லை. "இந்தக் கணக்குக்கு எங்க தெருவுல ஊட்டுக்கு ஊடு பொணமில்ல கெடக்கோணும்."

"மாத்திர்றேனுங்க. ஜன்னல எடுத்துர்றேன்."

"எடுத்துட்டா அப்புறம் கதையில என்ன இருக்குது?"

வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து நான் பயந்த கேள்வி அதுதான். காலி மோர் தம்ளரை மறுபடியும் குடித்தேன்.

"அவர உங்கூருக்கே கூட்டிட்டுப் போயிருங்க. எங்கப்பா அவர மலையேத்துனதே இல்ல. கொண்டை ஊசி வளைவுல அப்பாவுக்கு வாந்தி வந்துரும். அதுக்கு அவரு என்ன பண்ணுவாரு, பாவம்."

பிழைத்தேன் என்று மூச்சு விடப்போனவன், விடாமல் நிறுத்தினேன். நம் மூளைக்குப் பதறுவதற்கு ஒரு காரணம் தீர்ந்தால் உடனே அடுத்தது வேண்டும். "ஆனா அவரு மதுரைக்காரருங்களே. ஜன்னல் தொறந்திருந்தா தப்புன்னு ஊட்டியில அவரு ஒருத்தருக்குத்தானுங்க தெரியாது."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். ஆசிரியைப் பார்வை.

"ஒரு சாயங்காலம் குளுருல நடுங்குனா தன்னால தெரியும். அதத் தெரிஞ்சுக்கறதுதானே அவரு பொழப்பு?" நான் கொண்டுபோயிருந்த சம்மதக் கடிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கொடுக்கும்போது விடாமல் பிடித்துக்கொண்டார். "கொலைகாரனப் புடிச்சதும் அவரக் கீழ அனுப்பி வெச்சிரோணும். அங்கியே வெச்சுக்கக் கூடாது. அவருக்குக் குளுரு பழக்கமில்ல."

"சரிங்கம்மா" என்றேன்.

சந்தோஷமாகத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ஊட்டி பஸ்ஸுக்கு சீசன் கூட்டம் முண்டியடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் பையில் வயிற்றெரிச்சல் மாத்திரையைத் தேடினேன். மே மாதத்தில் அந்த மனிதருக்கு ஊட்டியில் ரூம் எங்கே கிடைக்கும்?