ஆகட்டுங்க

என் மதிலோரம் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி உருகிச் சப்பையாகிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணனுடையது. உள்ளே இருந்த தண்ணீர் தீர்ந்த பிறகுதான் உருகியிருக்கும். எரிந்த வீட்டை இடித்து அள்ளிக்கொண்டு போனவர்களிடமிருந்து நான்தான் அதைக் கேட்டு வாங்கினேன்.

மலையடிவாரத்தில் எங்கள் இரண்டு வீடுகள்தான் கடைசி. அதற்கு மேல் காடு. மாசி பிறந்தால் நான் அரிவாளை எடுத்துவிடுவேன். வீட்டைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி, தாழ்ந்த கிளைகளைக் கழித்து, கூரையில் விழுந்த சருகையும் கூட்டித் தள்ளுவேன். அண்ணன் காபி டம்ளரோடு நின்று பார்ப்பார். "உங்க ஊடு பழநிக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்தாப்ல இருக்குதுங்க தம்பி" என்று சிரிப்பார். அவர் வீட்டில் காகிதப்பூக் கொடி ஓடு வரைக்கும் ஏறிக் கிடந்தது. அடியில் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த சுள்ளி. அவருடைய மனைவி சாவதற்கு முன் நட்ட கொடி. அது எனக்கும் தெரியும். அதற்காகத் தீ ஒதுங்கிப் போகுமா?

வருஷா வருஷம் சொன்னேன். "ஏனுங்கண்ணா, செவுத்த ஒட்டுனதையாச்சும் வெட்டிப்போடுங்க. ஆளு நான் கூட்டியாறேன்."

"ஆகட்டுங்க தம்பி."

எங்கள் பக்கம் முகத்துக்கு நேரே யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். ஆகட்டுங்க என்றால் சரி என்று அர்த்தம். பேசியது போதும், கிளம்பு என்றும் அர்த்தம். அவர் சொன்னது எது என்று தெரியாத ஆள் இல்லை நான்.

ஒரு பங்குனி மதியம் சரிவில் தீ இறங்கியது. என் பக்கம் பிடிக்க ஒன்றுமில்லாமல் வேலியோடு அணைந்தது. அவர் பக்கம் சுள்ளியைப் பிடித்து, கொடியில் ஏறி, ஓட்டுக்கடியில் இருந்த மரச்சட்டத்துக்குப் போய்விட்டது. அண்ணன் தொட்டித் தண்ணீரை வீட்டுக்கு அடிக்கவில்லை. கொடிக்கு அடித்துக்கொண்டு நின்றார். இடுப்பைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"உடுங்க தம்பி, அவ வெச்சதுங்க" என்றார். நான் விடவில்லை.

இப்போது அவர் சிங்காநல்லூரில் மகள் வீட்டில் இருக்கிறார். இந்தப் பக்கம் வருவதே இல்லை. இடத்தை வாங்கியவர் புது வீடு கட்டி, சுவரை ஒட்டி வரிசையாக மூங்கில் வைத்திருக்கிறார். போய்ச் சொன்னேன். தொட்டியைக் காட்டியும் சொன்னேன். ரொம்ப மரியாதையாக, "ஆகட்டுங்க" என்றார். எனக்கு அலுத்துவிட்டது. அவர் மூங்கில் சருகு என் வாசலில் விழுகிறது, நான் கூட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் அவரே என்னைத் தேடி வந்தார். "ஏனுங்க, அந்தத் தொட்டிய எடுத்துப்போட்டா தேவலைங்க. ஊட்டுக்கு வாரவங்கெல்லாம் என்னன்னு கேக்கறாங்க."

"ஆகட்டுங்க" என்றேன்.

தொட்டி அங்கேயேதான் கிடக்கிறது.