மல்பெரியும் மாத்திரையும்

பூதப்பாண்டியில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ரசாயன உரம் தொடாமல் மல்பெரி வளர்த்து வருகிறேன். நான் வேதியியல் பட்டதாரி. என் சொல்லுக்கு ஊரில் மதிப்புண்டு. இயற்கை முறையில் விளைந்த பழத்தில் இரும்புச்சத்து மிகுதி என்று நம்பி, கருவுற்றிருந்த என் மகளிடம் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தச் சொன்னேன்.

சென்ற மாதம் பரிசோதனைக்காக அவளை நாகர்கோவிலுக்கு அழைத்துச் சென்றேன். காத்திருந்தபோது, அருகிலிருந்த கர்ப்பிணிக்கும் அதே அறிவுரையை வழங்கினேன்.

உள்ளே மருத்துவர், ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு நன்றாக ஏறியிருப்பதாகச் சொன்னார். "எல்லாம் என் மல்பெரியின் பலன்," என்றேன்.

மகள் தலைகுனிந்தாள். "இல்லப்பா, நான் மாத்திரைய நிறுத்தவே இல்ல. சொன்னா ஏசுவீங்கன்னு மிண்டாம இருந்தேன்."

உரமிடாமல் வளர்ப்பது நல்லதே என்றாலும், அதனால் பழத்தில் இரும்பு பெரிதாகக் கூடிவிடாது என்று மருத்துவர் விளக்கினார்.

வெளியே வந்ததும் அனைவர் முன்னிலையிலும் அந்தப் பெண்ணிடம், மகளை அழைப்பதுபோல, "மக்களே, நான் சொன்னது தப்பு. மாத்திரைய விட்டுராத," என்றேன்.

"நல்லவேளை சாரே! இனி மாத்திரை வாங்காண்டாம்னு இப்பதான் வீட்டுக்காரருக்கு போன் போட்டேன்," என்றாள்.

இப்போதும் மகளுக்கு நாள்தோறும் மல்பெரி பறித்துக் கொடுக்கிறேன். கூடவே மாத்திரையையும் நானே எடுத்து வைக்கிறேன்.