ஓசூருக்குப் போகாத ஒயின்

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் இருந்த ஒயின் கம்பெனி ஆபீஸில் குளோரியாவின் வேலை, போனை எடுத்து இல்லை என்று சொல்வது. திராட்சைத் தோட்டமும் ஆலையும் நந்தி மலைப் பக்கம். அங்கே போய்ச் சுற்றிப் பார்த்து, சுவைத்து, வீடு திரும்பியவர்கள் பிறகு ஆபீஸுக்கு போன் செய்வார்கள். புனேயிலிருந்து, கொச்சியிலிருந்து, நாலு தெரு தள்ளி ஃப்ரேசர் டவுனிலிருந்து.

"ஒரு பெட்டி கூரியர்ல போட்டு விடுங்க மேடம்."

முடியாது. தயாரிக்கிறவர்கள் குடிக்கிறவர் வீட்டுக்கு நேராக அனுப்ப சட்டத்தில் வழியில்லை. ஆலைக் கடைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். வேறு மாநிலம் என்றால் அதற்கு வேறு சட்டம், வேறு பர்மிட், வேறு வரி. செருப்பும் பிரியாணியும் வாசலுக்கு வருகிற ஊரில் இது மட்டும் ஏன் வராது என்று கத்துவார்கள். அந்தச் சட்டத்தை அவளே உட்கார்ந்து எழுதியதுபோலக் கத்துவார்கள்.

கத்தாதவர் ஓசூர் இளங்கோவன் ஒருவர்தான். பொம்மசந்திராவில் ஒரு பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர். கம்பெனி டூரில் ஆலைக்குப் போய் சிவப்பு ஒயினைக் குடித்துப் பார்த்தவர்.

"ஓசூர் என்ன லண்டனா மேடம்? ஸ்டேட் பார்டர்ல அத்திப்பள்ளி தாண்டினா எங்க வீடு. எங்க ஊர் கோழி உங்க ஊர்ல வந்து மேஞ்சுட்டுப் போகும்."

"கோழிக்கு பர்மிட் வேணாம் சார். பாட்டிலுக்கு வேணும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு அடிக்கடி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவார். சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மழை, மெட்ரோ, கேன்டீன் சாம்பார் என்று போய்விடுவார். ஒருநாள், "குரல் ஒரு மாதிரி இருக்கே மேடம். மிளகு தூக்கலா போட்டு ரசம் வெச்சுக் குடிங்க" என்றார். குளோரியா விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறையில் தனியாக இருப்பவள். அண்ணன் மெல்பர்னில். கிறிஸ்துமஸுக்கு ஒரு போன் வரும். அன்று சாயங்காலம் ஒரு ஆளுக்கு ரசம் வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரிந்தது. எத்தனை குறைத்தாலும் மிஞ்சியது.

மேனேஜர் டிரேவர் ஒரு காலையில் வந்து அவள் மேஜைமேல் கையை ஊன்றினான்.

"ஆன்ட்டி, அடுத்த மாசத்துலேர்ந்து ரெக்கார்டட் வாய்ஸ். நோ சொல்றதுக்கு ஒரு ஆளு எதுக்கு? நீங்க ஸ்டாக் செக்ஷனுக்கு வந்துடுங்க. ஜாலி. யாரும் உங்களைத் திட்ட மாட்டாங்க."

யாரும் பேசவும் மாட்டார்கள். அவளுக்கு இளங்கோவன் ஞாபகம்தான் வந்தது. ஆபீஸ் போனில் கூப்பிடுகிறவர் நம்பர் தெரியாது. வெளிமாநிலத்து ஆளின் நம்பரைக் கேட்கக் கூடாது. சொந்த நம்பரைக் கொடுக்கவே கூடாது. பேச்செல்லாம் பதிவாகிறது, ஆபீஸ் பொம்பளை தன் நம்பரைக் கொடுத்தால் திருட்டுத்தனமாகப் பாட்டில் விற்கிறாள் என்றுதான் அர்த்தம் என்று டிரேவர் எத்தனையோ முறை எச்சரித்திருந்தான்.

அந்த மாதம் முடிவதற்குள் இளங்கோவன் கூப்பிட்டார். இனிமேல் தான் இந்த போனில் இருக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, குளோரியா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தன் நம்பரை ஒப்பித்தாள்.

அந்தப் பக்கம் அவர் அதை எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் இறங்கியது. "புரிஞ்சுது மேடம். இதுல வேணாம். நானே கூப்பிடறேன்."

அந்தத் தணிந்த குரலை அவள் பஸ்ஸில், சமையலில், பூசையில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பதிவை யாரும் போட்டுக் கேட்கவில்லை. டிரேவர் ஒன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை அவர் கூப்பிட்டார். மறுநாள் பொம்மசந்திரா மெட்ரோ ஸ்டேஷன் கீழே டீக்கடையில் சந்திக்கலாம், ரெண்டு பேருக்கும் பாதி வழி என்றார். குளோரியா பூசை முடிந்ததும் பேக்கரியில் ஒரு பிளம் கேக் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

"குளோரியா மேடம்தானே? குரலைக் கேட்டு நல்ல உயரமா இருப்பீங்கன்னு நினைச்சேன்."

"நான் உங்களை இன்னும் குண்டா நினைச்சேன் சார்."

இருவரும் சிரித்தார்கள். டீ வந்தது. அவர் கையில் பெரிய துணிப்பை இருந்தது. உள்ளே பழைய செய்தித்தாள்கள். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"எங்க மேடம் வெச்சிருக்கீங்க? ஆட்டோவிலயா?"

"எது சார்?"

"சரக்கு." போனில் கேட்ட அதே தணிந்த குரல். "செக்போஸ்ட்ல பஸ்ஸையெல்லாம் நிறுத்த மாட்டான். உடையாம இருக்க பேப்பர்கூட கொண்டு வந்துட்டேன். எங்க செக்ஷன் பசங்க ரெண்டு பேரும் கேட்டிருக்காங்க. ரேட்டு நீங்க சொல்றதுதான்."

குளோரியா டீ கிளாஸை பெஞ்சில் வைத்தாள். கைப்பையைத் திறந்தாள்.

"கேக்தான் இருக்கு சார்."

அவர் கேக்கைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "அப்போ நம்பர் எதுக்கு..." என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். காது மடல் சிவந்துவிட்டது. "நான் தப்பா நினைச்சுட்டேன் மேடம்."

"பரவால்ல. ஆபீஸ்லயும் அப்படித்தான் நினைப்பாங்க."

சூடு ஆறாத டீயை அவர் ஒரே மடக்காகக் குடித்தார். வீட்டில் சம்சாரம் காத்திருப்பாள், பையனை டியூஷனில் விடவேண்டும் என்றார். இத்தனை நாள் பேச்சில் மிளகு ரசம் வந்திருந்தது, சம்சாரம் வரவில்லை. கேக்கை மறுக்காமல் வாங்கி, செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்தார். அவ்வளவு பெரிய பையில் அது இருக்கும் இடமே தெரியவில்லை.

"உடம்பைப் பாத்துக்கோங்க மேடம்," என்றார். ஓசூர் பஸ் வந்ததும் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். ஜன்னல் பக்கம் இடம் இருந்தும் உள்பக்கமாக உட்கார்ந்தார்.

குளோரியாவுக்கு வீட்டுக்குப் போக அவசரம் எதுவும் இல்லை. ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு, கடைக்காரரைப் பார்த்து இன்னொரு டீ என்றாள். அவர் காலியான இரண்டு கிளாஸையும் எடுத்துக்கொண்டு, "எரடா?" என்று இரண்டு விரலைக் காட்டினார்.

"ஒந்து," என்று ஒற்றை விரலைக் காட்டினாள்.