தங்கச்சியின் வாக்கு

2024 செப்டெம்பர், இலங்கை ஜனாதிபதித் தேர்தலுக்கு முந்தைய வாரம். கடல் கடந்து நாங்கள் வாழும் நகரில், மவுண்ட் ஆல்பர்ட் போகும் மாலை ரயிலில் அவர் வழக்கம்போல் என் எதிரே இருந்தார். பெயர் கேட்டதில்லை. நரைத்த மீசை, கம்பளித் தொப்பி. வண்டி நகர்ந்ததும் யாழ்ப்பாணத்துத் தங்கையை அழைத்து, கைபேசியைத் தட்டுப்போல் ஏந்தியபடி ஸ்பீக்கரில் கதைப்பார்.

"அண்ணா, எங்கட தமிழ் ஆளுக்குப் போடவோ, வெல்லப்போற ஆளுக்குப் போடவோ? நீங்கள் சொல்லுங்கோ."

எல்லாத் தேர்தலிலும் அவர் சொன்னபடியே அவள் செய்திருக்கிறாள். ஒருமுறை வாக்களிக்கப் போகாதே என்றும் சொன்னாராம். அன்று அவர் கைபேசியை வாய்க்கருகே கொண்டுவந்தார்.

"நீயே யோசிச்சுப் போடு, பிள்ளை. வெண்டு வாறவனோட அங்க இருக்கப்போறது நீதான்."

"கோவமோ அண்ணா?"

"இல்லையடி. இஞ்ச இருந்துகொண்டு சொல்லுறது லேசு."

தேர்தல் முடிந்த திங்கட்கிழமை, "தங்கச்சி யாருக்குப் போட்டாங்களாம்?" என்று கேட்டேன்.

"கேக்கேல்லைத் தம்பி. கேட்டா, பிழையாப் போட்டிட்டாய் எண்டு சண்டை பிடிப்பன்" என்று சிரித்தார்.

மறு ஆண்டு அவர் நகரின் மறுகோடியிலுள்ள பிளாட் புஷ்ஷுக்குக் குடிபோய்விட்டார். இந்நேரம் தங்கையிடம் கேட்டிருப்பாரோ என்று அந்த ரயிலில் ஏறும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.