இடையில் வெளியேற இயலாது

மொன்றியல் நகரின் வில்லரே பகுதியில் மாடிப்படிகள் வீட்டுக்கு வெளியே தொங்குகின்றன. வளைந்த இரும்புப் படிகள்; நடைபாதையிலிருந்து நேரே மேல்தளத்துக்கு ஏறும். பனி உறைந்த நாளில் ஏறத் தொடங்கியவர் நடுவில் திரும்ப முடியாது. கம்பியைப் பற்றியபடி மேலே போய்த்தான் ஆகவேண்டும். இதை ஊருக்கு எழுதியபோது நண்பர்கள் நம்பவில்லை. பனி கொட்டும் நாட்டில் படியை வெளியே வைப்பார்களா என்று கேட்டார்கள். வைத்திருக்கிறார்கள். அதில் இறங்கி, மெத்ரோ பிடித்து, நாள்தோறும் நான் தமிழ் எழுதப் போகிறேன்.

தமிழ் எழுதும் வேலை என்றதும் மகிழ்ந்துவிடாதீர்கள். என் நிறுவனம் பல மொழிகளில் ஒப்பீட்டுப் பக்கங்களை இணையத்தில் வெளியிடுகிறது. எனக்கு வாய்த்த பொருள், கணினி விளையாட்டுப் போட்டிகளின் முடிவை முன்கணித்துப் பணம் வைக்கும் சந்தைகள். இன்ன அணி வெல்லுமா என்ற வினாவுக்கு ‘ஆம்’ என்றொரு சீட்டு, ‘இல்லை’ என்றொரு சீட்டு. முடிவு தெரிந்ததும், சில காசுகளுக்கு வாங்கிய சரியான சீட்டுக்கு முழு டாலர் கிடைக்கும். மற்றது வெறும் காற்று. அத்தகைய மூன்று தளங்களை நான் ஒப்பிட வேண்டும். முதல் தளத்தில் ஆட்டம் நடக்கும்போதே, வாங்க ஆளிருந்தால், சீட்டை விற்றுவிட்டு நீங்கலாம். இரண்டாவதில் கட்டணம் குறைவு. ஆனால் ஆட்டம் முடியும்வரை பணம் உள்ளேயே கிடக்கும். மூன்றாவதில் வென்றது யார் என்ற ஐயம் எழுந்தால், சீட்டு வைத்திருப்பவர்களே வாக்களித்து முடிவு செய்வார்கள். வழக்காடுபவனே நடுவனாக அமர்வது போன்றது அது.

நான் முதல் தளத்தை முதலில் வைத்தேன். எங்கள் மேலாளர் எலோடி இரண்டாவதை முதலில் வைக்கச் சொன்னார். நம் பக்கத்தின் வழியே சேர்பவர்களுக்காக அந்தத் தளம் நிறுவனத்துக்குப் பங்கு தருகிறதாம். இது சூதாட்டமல்லவா என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். “இல்லவே இல்லை, இது கருத்து. உங்கள் கருத்துக்கு ஒரு விலை, அவ்வளவுதான்” என்று சிரித்தார். எழுத மனம் ஒப்பவில்லை என்றேன். விளையாட்டு புரியாததால் தயங்குகிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். மறுநாள் ஒரு போட்டியின் முழுப் பதிவை அன்போடு அனுப்பிவைத்தார். நான் மறுத்தேன் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

மன்னார்குடியில் நான் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். அந்தப் பதவியில் கௌரவம் பெயரில் மட்டும்தான் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி திறக்கும்போது நம் இடம் இருக்கிறதா என்று கதவோரம் நின்று பார்க்க வேண்டும். ஒரு வாக்கியத்தின் நேர்மையை அதன் பயனிலையில் சோதியுங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்வேன். யார், என்ன செய்தார் என்று முடித்துச் சொல்ல அஞ்சும் வாக்கியம் எதையோ ஒளிக்கிறது. அங்கே எந்நாளும் வெளியேற்றப்படலாம் என்ற அச்சம். இங்கே அது தலைகீழாகிவிட்டது. என் பணி உரிமத்தில் ஒரே ஒரு நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது. வேறொரு நிறுவனம் என்னை ஏற்று, புதிய உரிமம் கைக்கு வரும்வரை, இதைவிட்டு நீங்கினால் இந்நாட்டில் வேறெங்கும் உழைக்க எனக்கு உரிமையில்லை. மனைவியும் மகளும் வருவதற்கான விண்ணப்பமும் அதன்மேல்தான் நிற்கிறது.

ஆகவே எழுதினேன். பணம் அடைபட்டுக் கிடப்பதைக் குறையென்று சொல்லாமல், ‘உறுதி உடையோர்க்கு உகந்த தளம்’ என்று எழுதினேன். பயனிலை இல்லாத தொடர். இடையில் வெளியேற இயலாது என்ற வரி, பக்கத்தின் அடியில் சிற்றெழுத்துக்குப் போயிற்று.

கீழ்த்தளத்தில் யோகன் அண்ணை குடியிருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், உணவகமொன்றின் அடுக்களையில் நெடுங்காலம் நின்று தேய்ந்த முழங்காலுக்கு அண்மையில் அறுவை நடந்தது. வீட்டோடு கிடந்த அந்நாள்களில் கணினி விளையாட்டுப் போட்டிகளைப் பார்க்கத் தொடங்கி, எனக்கு ஒன்றும் புரியாத அந்தப் போர்களை வரிக்கு வரி விளக்கும் அளவுக்குத் தேர்ந்துவிட்டார். சென்ற சனிக்கிழமை முற்பகல் என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டார்.

“வாரும் தம்பி, இரும். இதை ஒருக்கால் பாரும்” என்று கைப்பேசியை நீட்டினார். என் பக்கம். “மூண்டு தளத்தையும் ஒருத்தன் ஒப்பிட்டு எழுதியிருக்கிறான். என்ன தமிழ்! ஒரு ஒற்றுக்கூடப் பிழைக்கேல்லை. பொய் சொல்லுறவன் ஒற்றுப் பாத்து எழுதமாட்டான், கண்டீரோ.”

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். மனைவியோடு ஊருக்குப் போக அவர் ஒதுக்கிவைத்திருந்த தொகையில் பாதியை இரண்டாம் தளத்தில் வைத்துவிட்டாராம், அன்று பிற்பகல் நடக்கும் இறுதிப்போட்டிக்கு. “மிச்சத்தை உம்மட்டைக் கேட்டிட்டுப் போடுவம் எண்டு இருக்கிறன்.”

“அண்ணே, அதை எழுதினது நான்தான்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “நீரோ! அட, முதலே சொல்லியிருக்கலாமே. அப்ப யோசிக்க என்ன கிடக்கு? முழுசாய்ப் போடுவம்!”

என் வாக்குமூலம் என் பொய்க்கு முத்திரையாகிவிட்டது. அவர் விரல் திரையை நெருங்கியபோது கைப்பேசியைப் பற்றிக்கொண்டேன். “போடாதீங்க அண்ணே. அந்தத் தளத்தை முதல்ல வைக்கச் சொன்னாங்க, வெச்சேன். அது நல்லதுன்னு நான் நினைக்கல.”

அண்ணை விரலை இழுத்துக்கொண்டார். “அப்ப போட்டதைத் திருப்பி எடுக்கலாமோ?”

“முடியாது. ஆட்டம் முடியணும்.”

“அது எங்கை எழுதிக் கிடக்கு?”

பக்கத்தை அடிவரை தள்ளிக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கைப்பேசியை முகத்தருகே பிடித்து, அந்த வரியை உரக்கப் படித்தார். “இதிலையும் ஒற்றுச் சரிதான்” என்றார். அதைவிடக் கடுமையாக என்னை யாரும் ஏசியதில்லை.

“இப்பிடி எழுதச் சொன்னால் நீர் ஏன் விட்டிட்டு வரேல்லை?”

உரிமத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே முழங்காலைத் தடவினார்.

“ஓ. அப்ப உமக்கும் ஆட்டம் முடியிற வரைக்கும் எடுக்கேலாது” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. மிச்சத்தை அவர் வைக்கவில்லை. “தேத்தண்ணி ஆறுது, குடியும்” என்றார்.

அந்த வரியை மேலே ஏற்றும்படி திங்களன்று எலோடியிடம் கேட்கப்போகிறேன். இம்முறை அவர் தவறாகப் புரிந்துகொள்ள இடம் வைக்காமல், பயனிலையோடு கேட்பேன். அதன்பின் என் உரிமம் என்னாகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சனிக்கிழமை பிற்பகல் நான் படியேறிப் போகவில்லை. அண்ணையின் பக்கத்தில் அமர்ந்து அந்தப் போட்டியைப் பார்த்தேன். அவர் மனைவி கடலை வறுத்துக்கொண்டுவந்து வைத்தார். பணம் வைத்த செய்தி அவருக்குத் தெரியாது. சாளரத்துக்கு வெளியே இரும்புப் படி பனி மூடிக்கிடந்தது. திரையில், எங்கள் இருவருக்கும் உறவில்லாத இரண்டு நாடுகளின் இளைஞர்கள் மோதிக்கொண்டிருந்தார்கள். அண்ணை பணம் வைத்த சிவப்பு அணி வென்றால் அவர் யாழ்ப்பாணம் போவார். நீலம் வென்றால் வில்லரேயிலேயே இருப்பார். மன்னார்குடிக்காரனாகிய நான், என் பொய் மெய்யாகிவிட வேண்டுமென்று, பெயர்கூடச் சரியாகத் தெரியாத அந்தச் சிவப்புப் பிள்ளைகளுக்காகக் கைகூப்பிக்கொண்டிருந்தேன்.